மின்சுடலைக்கு முன் ஒரு ஸ்கேன்: சவப் பரிசோதனையில் படம் எங்கே உதவும், கத்தி எங்கே வேண்டும்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு திடீர் மரணமோ தடுப்புக்காவல் மரணமோ செய்தியாகிவிட்டால் போதும், புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இரண்டு குரல்கள் கிளம்பிவிடும். "இப்போதுதான் ஸ்கேன் வந்துவிட்டதே, இன்னும் எதற்காக உடலைக் கிழிக்கிறார்கள்?" என்பது ஒன்று. "வெறும் ஸ்கேன் எடுத்துவிட்டு உடலைத் தந்துவிட்டார்கள், எதையோ மூடி மறைக்கிறார்கள்" என்பது மற்றொன்று. ஒரே வீட்டுக்குள்ளேயே அண்ணன் ஒன்றைச் சொல்லுவார், சித்தப்பா மற்றொன்றைச் சொல்லுவார். முதல் குரல் இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்புகிறது. இரண்டாவது குரல் துளியும் நம்பவில்லை. ஸ்கேன் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்தால் இரண்டு குரல்களும் கொஞ்சம் தணியும்.

உடலை எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு கவலையும் உண்டு. செய்திகளில் அது பேசப்படுவதே இல்லை. அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் அந்தக் கவலையின் கனம் புரியும்.

சவப் பரிசோதனைக்குள் என்னென்ன இருக்கின்றன

சவப் பரிசோதனை என்றதும் கத்திதான் நினைவுக்கு வருகிறது. கத்தி அதில் ஒரு படி மட்டுமே. முழுமையாகச் செய்யும்போது வேலை இப்படிப் போகிறது:

1. வெளிப்புறச் சோதனை. உடைகள், தோலின் நிறம், காயங்கள், ஊசித் தடங்கள், நகங்கள், கண்கள், வாய் எல்லாம் பார்த்துக் குறிக்கப்படும்; புகைப்படமும் எடுக்கப்படும்.

2. உட்புறப் படம். முன்பு சாதாரண எக்ஸ்ரே. இப்போது வசதியுள்ள இடங்களில் சி.டி. ஸ்கேன், சில நாடுகளில் எம்.ஆர்.ஐ.

3. உடலைத் திறத்தல். மார்பு, வயிறு, தலை ஆகியவற்றைத் திறந்து உறுப்புகளை எடுத்து, எடைபோட்டு, அறுத்துப் பார்ப்பது.

4. ஆய்வுக்கூட வேலை. திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது, இரத்தம், சிறுநீர், இரைப்பையில் உள்ளது ஆகியவற்றில் நஞ்சோ போதைப்பொருளோ இருக்கிறதா என்று சோதிப்பது. "அறிக்கை இன்னும் வரவில்லை" என்று குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதற்கு இந்த நான்காவது படியே பெரும்பாலும் காரணம்.

ஸ்கேன் இரண்டாவது படியைச் சேர்ந்தது. அது மூன்றாவது படிக்குப் பதிலாக நிற்க முடியுமா என்பதுதான் உலகெங்கும் தடயவியல் மருத்துவர்கள் கடந்த கால் நூற்றாண்டாக வாதிட்டுவரும் கேள்வி. நான்காவது படிக்கு அது ஒருபோதும் பதிலாகாது.

உத்தரவு யாருடையது

மருத்துவமனையில் நோயால் இறந்த ஒருவரின் நோயைப் பற்றி மருத்துவர்கள் மேலும் அறிய விரும்பினால், குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். குடும்பம் மறுத்தால் அதோடு முடிந்தது.

போலீஸ் கேட்கும் சவப் பரிசோதனை அப்படியல்ல. மரணம் திடீரென்றோ இயற்கைக்கு மாறாகவோ வன்முறையாலோ நேர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமிருந்தால், மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 330ஆவது பிரிவின்படி போலீஸ் அதிகாரி உடலை அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சவக்கிடங்கு வாசலில் குடும்பத்தினர் கேள்விப்படும் 'போலீஸ் 61' என்ற படிவம் இந்தக் கோரிக்கைதான். இங்கே குடும்பத்தின் சம்மதம் நிபந்தனை ஆகாது. விபத்து என்பதில் அதிகாரிக்கு ஐயமில்லை என்றால், சோதனை இல்லாமலே அடக்கத்துக்கு அனுமதிக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது.

அடுத்த 331ஆவது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மரணத்தின் காரணத்தை அறிவதற்குத் தேவைப்பட்டால், மருத்துவ அதிகாரி உடலை அறுத்துப் பார்ப்பது வரையும், உடலின் பகுதிகளை ஆய்வுக்கு அனுப்புவது வரையும் சோதனையை நீட்ட வேண்டும் என்கிறது அது. 'தேவைப்பட்டால்' என்று சொல்லியிருப்பதால், வெளிப்புறச் சோதனையும் ஸ்கேனும் போதிய விடை தந்துவிட்டால் மருத்துவர் அங்கேயே நின்றுகொள்ள இடமிருக்கிறது. தேவை எழுந்தால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கும் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. ஸ்கேனோடு நிறுத்தியதையே சதி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்தச் சந்தேகத்துக்கு விடையாக நிறுத்தினார்கள் என்று கேட்பது நியாயம்.

328ஆவது பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது. மரணத்தின் 'காரணம்' என்பதில் உடலில் தெரியும் காரணம் மட்டுமல்லாமல், மரணம் எப்படி நேர்ந்தது, யாருடைய சட்டவிரோதச் செயலாவது அதற்கு வழிவகுத்ததா அல்லது அதை விரைவுபடுத்தியதா என்பதும் அடங்கும். மண்டைக்குள் இரத்தக்கசிவு என்று ஸ்கேன் சொல்லிவிடும். குளியலறையில் வழுக்கி விழுந்ததாலா, தள்ளிவிடப்பட்டதாலா என்பது படத்தில் எழுதியிருக்காது.

இயந்திரம் பார்க்கும் விதம்

சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றிச் சுழலும். எதிர்ப்பக்கத்து உணர்விகள், கதிர்களை உடலின் எந்த இடம் எவ்வளவு உறிஞ்சியது என்று அளக்கும். கணினி அந்த அளவுகளைச் சேர்த்து மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாக மாற்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு கழித்தல் 1000, எலும்புக்கு பல நூறு. உறைந்த புதிய இரத்தம் ஏறக்குறைய 50 முதல் 70 வரை வரும். ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் அளவு இது. அவருக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

உயிரோடு இருப்பவரைப் படமெடுப்பதற்கும் இறந்தவரைப் படமெடுப்பதற்கும் சில வேறுபாடுகள் உண்டு. இறந்தவர் மூச்சுவிடுவதில்லை, அசைவதில்லை, ஆகவே படம் மங்குவதில்லை. கதிர்வீச்சு அதிகமாகிவிடுமோ என்ற கவலை இல்லை, அதனால் கூர்மையான படத்துக்காக அளவைக் கூட்டலாம். உடல் பையைத் திறக்காமலே எடுக்கலாம். தொற்று அச்சமுள்ள உடல்களுக்கு இது பெரிய வசதி. படமெடுக்கும் நேரம் நிமிடக் கணக்குதான்.

குறையும் உண்டு. உயிருள்ளவருக்கு நரம்பில் சாய மருந்தைச் செலுத்தினால் இதயமே அதை உடலெங்கும் கொண்டுபோய் இரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்டிவிடும். நின்றுபோன இதயத்தால் அது முடியாது. தொடையிலோ கழுத்திலோ உள்ள தமனிக்குள் குழாய் செருகி, வெளியிலிருந்து சாயத்தைச் செலுத்த வேண்டும். அதற்குத் தனிக் கருவி, தனிப் பயிற்சி, கூடுதல் நேரம் எல்லாம் தேவை. பெரும்பாலான சவக்கிடங்குகளில் எடுக்கப்படுவது சாயம் இல்லாத ஸ்கேன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்.ஆர்.ஐ. மென்மையான திசுக்களை நன்றாகக் காட்டும். ஆனால் அது மெதுவானது, செலவு அதிகம். குளிர்பெட்டியிலிருந்து வந்த உடலின் வெப்பநிலை குறைவாக இருந்தால் படத்தின் நிறபேதமே மாறிப்போகும்.

இறந்த உடல் படத்தில் பொய் சொல்லும்

இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உயிருள்ளவர்களின் ஸ்கேனை இருபது ஆண்டுகள் படித்த கதிரியக்க நிபுணர்கூட, இறந்தவரின் ஸ்கேனை முதன்முறை பார்க்கும்போது ஏமாறக்கூடும்.

இதயம் நின்றதும் இரத்தம் புவியீர்ப்புக்கு ஏற்பக் கீழ்ப்பக்கம் தேங்கும். மல்லாந்து கிடந்தவரின் நுரையீரலின் முதுகுப் பக்கம் படத்தில் வெண்மையாகத் தெரியும். நிமோனியாவைப் போலவே இருக்கும். பெரிய இரத்தக்குழாய்களுக்குள் சிவப்பணுக்கள் அடியில் படிய, நீர்ப்பகுதி மேலே நிற்க, நேர்கோடு கிழித்தாற்போல் ஒரு மட்டம் தெரியும். மூளையில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலான எல்லை மங்கிவிடும். குடலிலிருந்து பரவும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாயு, கல்லீரலின் குழாய்களிலும் இதய அறைகளிலும் கரும்புள்ளிகளாகச் சேரும். உயிருள்ளவரிடம் அதைக் கண்டால் மருத்துவர் பதறிப்போவார். இறந்து சில நாளான உடலில் அது வெறும் அழுகலின் அடையாளம்.

நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் இதை விரைவுபடுத்துகின்றன. காற்றோட்டமில்லாத அடுக்குமாடி வீட்டில் இரண்டு நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்ட உடலையும், இறந்த அன்றே குளிர்பெட்டிக்குள் போன உடலையும் ஒரே கண்ணோடு பார்க்க முடியாது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடப்புத்தகக் கணக்குகளை அப்படியே இங்கே பொருத்துவதும் சரியாக வராது.

உயிர் காக்கும் முயற்சியும் தன் தடத்தை விட்டுச்செல்லும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றால் முன்பக்க விலா எலும்புகள் பல, பெரும்பாலும் இரண்டு பக்கமும், உடைவது சாதாரணம். "விலா எலும்பு உடைந்திருக்கிறது, அடித்துக் கொன்றிருக்கிறார்கள்" என்று முகநூலில் எழுதுவதற்கு முன், ஆம்புலன்ஸில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். முதுகுப்பக்கத்து விலா எலும்பு உடைந்திருந்தால் அது வேறு பேச்சு.

ஸ்கேன் கத்தியை மிஞ்சும் இடங்கள்

1. எலும்பு. முகம், முதுகுத்தண்டு, இடுப்பு போன்ற இடங்களில் உள்ள முறிவுகளைக் கத்தியால் தேடுவது கடினம். முகத்தைச் சிதைக்காமல் முக எலும்புகளைப் பார்க்கவே முடியாது. ஸ்கேனில் எல்லா எலும்புகளையும் முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

2. இடம் மாறிய காற்று. மார்புக்கூட்டில் நுரையீரலுக்கு வெளியே காற்று நிறைந்து ஒருவர் இறந்திருந்தால், கத்தி மார்பைத் திறந்த கணத்தில் அந்தக் காற்று வெளியேறிவிடும். படத்தில் அது அப்படியே நிற்கும்.

3. உலோகம். குண்டு, கத்தி முனை, வெடிச் சிதறல். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கத்தி வைத்தால் பல மணி நேரத் தேடல் மிச்சம்.

4. பெரிய இரத்தக்கசிவு. மூளையைச் சுற்றி, வயிற்றுக்குள், இதய உறைக்குள்.

இதய உறையில் நிகழ்வதை மட்டும் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார், மருத்துவமனைக்கு வரும் முன்பே உயிர் பிரிந்துவிடுகிறது. ஸ்கேனில் இதயத்தைச் சுற்றி இரண்டு வளையங்கள் தெரிகின்றன. உள்வளையம் பளீரென்ற வெண்மை, வெளிவளையம் சாம்பல். உள்ளே இருப்பது உறைந்த இரத்தம், வெளியே இருப்பது அதிலிருந்து பிரிந்த நீர். இதயச் சுவர் கிழிந்தோ பெருந்தமனியின் சுவர் பிளந்தோ உறைக்குள் இரத்தம் பாய்ந்திருக்கிறது. துடிக்க இடமில்லாமல் இதயம் நெருக்குண்டு நின்றிருக்கிறது. வெளியில் காயமில்லை, சந்தேகத்துக்கிடமான சூழ்நிலையும் இல்லை என்றால், இப்படிப்பட்ட உடலில் ஒரு கீறலும் இல்லாமலே விடை கிடைத்துவிடலாம். அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

5. அடையாளம் காணல். பல் அடைப்புகள், பழைய அறுவைச் சிகிச்சையில் பொருத்திய தகடுகள், நெற்றி எலும்புக்குள் இருக்கும் குழிகளின் வடிவம் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். 2009இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு ஸ்கேன் இந்த வேலைக்குப் பயன்பட்டது. மெல்போர்னில் உள்ள அந்த மாநிலத்தின் தடயவியல் மருத்துவ நிலையம் 2005 முதலே சி.டி. இயந்திரத்தைச் சவக்கிடங்கிலேயே வைத்திருந்தது.

ஸ்கேன் குருடாகும் இடங்கள்

இளநீரை வெட்டாமலே உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். புளித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஸ்கேனும் வடிவத்தைப் பார்க்கும், வேதியியலைப் பார்க்காது. இதற்குக் கோலாலம்பூரைவிட நல்ல சாட்சி வேறெங்கும் கிடைக்காது.

2017 பிப்ரவரி 13 அன்று கே.எல்.ஐ.ஏ. 2 விமான நிலையத்தில் வடகொரிய அதிபரின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜொங் நாம் தாக்கப்பட்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். உடல் கோலாலம்பூர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. வடகொரியத் தூதரகம் சவப் பரிசோதனையே கூடாது என்று எதிர்த்தது. பரிசோதனை நடந்தது: முழு உடல் சி.டி. ஸ்கேன், வெளிப்புறச் சோதனை, உட்புறச் சோதனை, பற்களின் சோதனை எல்லாமே செய்யப்பட்டதாக அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா செய்தியாளர்களிடம் கூறினார். மாரடைப்புக்கான அறிகுறி இல்லை, ஊசி குத்திய தடம் இல்லை என்பதே அப்போது சொல்ல முடிந்தது. படமும் கத்தியும் சேர்ந்தே கொலையாளியைக் காட்டவில்லை. முகத்திலும் கண்ணிலும் துடைத்தெடுத்த மாதிரிகளில் வி.எக்ஸ். என்ற நரம்பு நஞ்சு இருப்பதை இரசாயனத் துறை கண்டுபிடித்தது. பிப்ரவரி 24 அன்று போலீஸ் அதை அறிவித்தது. அந்த உடலை ஸ்கேனோடு நிறுத்தியிருந்தால், 'காரணம் தெரியவில்லை' என்ற ஒற்றை வரியில் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

நஞ்சு, போதைப்பொருள், சர்க்கரை அளவின் ஏற்ற இறக்கம், இதயத்தின் மின்னோட்டக் கோளாறு ஆகிய எதுவும் படத்தில் வராது. சாயமில்லாத சி.டி.யில் மாரடைப்பைப் பிடிப்பது கடினம். தமனியில் சுண்ணாம்பு படிந்திருப்பது தெரியும், அன்று அது அடைத்துக்கொண்டதா என்பது தெரியாது. நுரையீரல் தமனியில் உயிரோடிருந்தபோது வந்த அடைப்புக்கும் இறந்தபின் உறைந்த கட்டிக்கும் இடையே வேறுபாடு காண்பதும் அப்படித்தான்.

நம் சமூகத்துக்கு மிகவும் முக்கியமான குருட்டுப் புள்ளி இன்னொன்று: தோலிலும் தசையிலும் உள்ள கன்றிய காயங்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் தடுப்புக்காவலில் இறந்த குகனின் வழக்கை இங்கே மறக்க முடியாது. முதல் சவப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாவது பரிசோதனை, அடிகளால் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்ததே காரணம் என்று கண்டது. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எலும்பு உடையாமல் தசை மட்டும் சிதையும் இப்படிப்பட்ட மரணத்தில் சாதாரண சி.டி. ஸ்கேன் பெரிதாக எதையும் காட்டியிருக்காது. தோலைக் கீறித் தசையைப் பார்க்க வேண்டும்; சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தடுப்புக்காவல் மரணத்தில் "உடலை வெட்டாதீர்கள், ஸ்கேன் போதும்" என்று பாசத்தால் கேட்கும் குடும்பம், தன் வழக்கின் ஆகச்சிறந்த ஆதாரத்தைத் தானே கைவிடக்கூடும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஆய்வுகள் தரும் கணக்கு

2012இல் 'லான்செட்' இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 182 பெரியவர்களின் உடல்களை முதலில் ஸ்கேன் செய்து, பிறகு வழக்கமான முறையில் திறந்தும் பார்த்தது. மரணத்தின் காரணம் குறித்து சி.டி.க்கும் கத்திக்கும் இடையே பெரிய முரண்பாடு 32 விழுக்காட்டு உடல்களில் இருந்தது, எம்.ஆர்.ஐ.யில் 43 விழுக்காடு. மூன்றில் ஒன்று தவறென்றால் ஸ்கேன் எதற்கு என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில், "இந்த உடலைத் திறக்கத் தேவையில்லை, விடை உறுதி" என்று சி.டி.யைப் பார்த்த நிபுணர்கள் சொன்ன 34 விழுக்காட்டு உடல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முரண்பாடு 16 விழுக்காடாகக் குறைந்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிபுணரின் கையில் ஸ்கேனின் தவறு பாதியாகக் குறைகிறது.

சாயம் செலுத்தினால் நிலைமை இன்னும் மேம்படும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 210 உடல்களில் 92 விழுக்காட்டில் சாயம் செலுத்திய சி.டி. மரண காரணத்தைக் கண்டது. அவை சந்தேகத்துக்கிடமில்லாத மரணங்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

மலேசியாவின் பங்கு

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தடயவியலாளர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டி, இறந்தவரை ஸ்கேன் செய்து ஆராயும் இந்த முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். உடலைத் திறப்பதைக் குடும்பங்கள் பெரிதும் தயங்கும் ஜப்பானில் அது வேகமாகப் பரவியது. கோலாலம்பூர் மருத்துவமனையின் தேசியத் தடயவியல் மருத்துவக் கழகமும் சவங்களுக்கு சி.டி. பயன்படுத்தும் நிலையங்களில் ஒன்று. மலேசிய நிறுவனமான ஐஜீன் 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் மின்னியல் சவப் பரிசோதனை நிலையம் ஒன்றைத் திறந்தது. தொழில்நுட்பம் எப்போதும் அங்கிருந்து இங்கே வரும் என்ற நினைப்புக்கு இது விதிவிலக்கு. அங்கே முஸ்லிம், யூதக் குடும்பங்களிடம் அதற்குத் தேவை இருந்தது: உடலைக் காயப்படுத்தக் கூடாது, விரைவில் அடக்கம் செய்ய வேண்டும் என்ற இரண்டும் அவர்களுக்குக் கடமை. இங்கேயும் அதே கோரிக்கை மலாய்க்காரர்களிடம் மட்டுமன்றி, 'பூவும் பொட்டுமாகப் போக வேண்டியவளைக் கிழித்துத் தருகிறார்களே' என்று கலங்கும் நம் பாட்டிமார்களிடமும் உண்டு.

எல்லா ஊர் சவக்கிடங்கிலும் இந்த இயந்திரம் இல்லை. பெரிய மருத்துவமனைகளிலும், உயிருள்ள நோயாளிகளின் இயந்திரத்தை இரவில் இரவல் வாங்கிச் சவத்தைப் படமெடுப்பதில் சங்கடங்கள் பல. ஆகவே "ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை" என்பதற்கு விடை பல நேரங்களில் வசதியின்மைதான்.

எரியூட்டும் குடும்பத்துக்கு மட்டும் உள்ள கேள்வி

அடக்கம் செய்யப்பட்ட உடலை நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தோண்டியெடுக்கலாம். 2025இல் சபாவில் ஒரு பள்ளி மாணவி சவப் பரிசோதனை இல்லாமலே அடக்கம் செய்யப்பட்டு, மூன்று வாரத்துக்குப் பின் தோண்டியெடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டது நாடறிந்த செய்தி. புதைப்பவர்களுக்கு அப்படி ஒரு பின்வாசல் திறந்திருக்கிறது. செராஸ் மின்சுடலையில் பொத்தானை அழுத்தியபின் நமக்கு அந்த வாசல் இல்லை. குகனின் குடும்பத்தால் இரண்டாவது பரிசோதனை கேட்க முடிந்ததும், இறுதிச் சடங்கு இன்னும் முடிந்திருக்கவில்லை என்பதால்தான்.

ஸ்கேனின் பெரிய மதிப்பு இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். கத்தியால் திறந்து பார்த்த மருத்துவர் கண்டது அவருடைய குறிப்புகளிலும் சில புகைப்படங்களிலும் மட்டுமே எஞ்சும். அவர் பார்க்காமல் விட்ட இடத்தை இன்னொருவர் போய்ப் பார்க்க உடல் இல்லை. ஸ்கேன் தலை முதல் கால் வரை ஆயிரக்கணக்கான படங்களாகக் கோப்பில் நிற்கும். ஆறு மாதம் கழித்து மரண விசாரணை நீதிமன்றத்தில் வேறொரு நிபுணர் அதே கழுத்தெலும்பை, அதே விலா எலும்பைப் புதிதாகப் பார்த்து மறுத்துப் பேசலாம். திறப்பதற்கு முன் எடுத்த படம் என்பதால், 'இந்த முறிவு பரிசோதனையின்போது ஏற்பட்டது' என்ற சாக்கும் எடுபடாது. ஸ்கேன் கத்தியைத் தவிர்க்கும் வழி என்று மட்டுமே விளம்பரமாகியிருப்பது ஒரு கோணல். சந்தேக மரணங்களில் கத்திக்கு முன்னால் ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பதே எரியூட்டும் சமூகத்துக்குக் கூடுதல் பயன் தரும்.

அந்தக் கோப்பில் எது இருக்காது என்பதும் தெரிய வேண்டும். இரத்தம் இருக்காது, திசு இருக்காது, தோலின் நிறம் இருக்காது.

சவக்கிடங்கில் கேட்கக்கூடியவை

துக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கு நீண்ட பட்டியல் உதவாது. நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர், மாமாவோ அத்தானோ, மருத்துவரிடமும் விசாரணை அதிகாரியிடமும் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்:

1. மரணத்தில் போலீசுக்கு என்ன சந்தேகம்? விபத்தா, நோயா, வேறா? இதற்கு விடை தெரியாமல் ஸ்கேனா கத்தியா என்று வாதாடுவதில் பயனில்லை.

2. ஸ்கேன் வசதி இருக்கிறதா? இருந்தால், உடலைத் திறக்கும் முன் எடுக்கப்படுமா? சாயம் செலுத்தியா, இல்லாமலா?

3. படத்தைப் படிப்பவர் யார்? தடயவியல் மருத்துவர் மட்டுமா, கதிரியக்க நிபுணரும் சேர்ந்தா?

4. ஸ்கேனோடு நிறுத்துவதாக இருந்தால், இரத்தமும் சிறுநீரும் ஊசியால் எடுத்து வைக்கப்பட்டனவா? இதற்குக் கத்தி தேவையில்லை. பின்னாளில் நஞ்சு பற்றிய கேள்வி எழுந்தால் கையில் இருப்பது அந்தக் குப்பிகள் மட்டுமே.

5. வெளிக்காயங்கள் அளவுகோலோடு புகைப்படமெடுக்கப்பட்டனவா?

6. படக்கோப்பு எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும்? நகல் வேண்டுமானால் யாரிடம் எழுத வேண்டும்? பரிசோதனை அறிக்கையை நெருங்கிய உறவினர் எழுத்துமூலம் விண்ணப்பித்துக் கேட்கலாம். படங்கள் அதோடு தாமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தனியாகக் கேட்க வேண்டும். வழக்கறிஞர் இருந்தால், கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும்படி அவர் பெயரில் ஒரு கடிதத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

விடைகளில் மனநிறைவு இல்லையென்றால், மின்சுடலைக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை ஒத்திப்போடலாம். குளிர்பெட்டியில் உடல் சில நாள் தாங்கும். இரண்டாவது பரிசோதனைக்கு வழக்கறிஞர் வழியாக முயல அந்த இடைவெளி தேவைப்படும். கருமக்கிரியைக்கான நாளை அதற்கேற்ப மாற்றித் தர முடியுமா என்று குருக்களிடம் அன்றே கேட்டுவிடலாம்.